இருபது அடிப் பயறு

எனக்கு மலை செய்யத் தெரியும். பெருமை அடிப்பது போல இருக்கும், ஆனாலும் உண்மை. கிள்ளான் பக்கம் நாலைந்து கோயில்களில் திருவிழாவுக்குச் சாமி உட்காரும் மலை என் கையால் செய்ததுதான். பாலிஸ்டைரின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சூடான கம்பியால் அறுத்து, பழைய பேப்பரைப் பசையில் தோய்த்துப் போர்த்தி, சாயம் அடித்தால் மலை. வாரநாளில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. சனி ஞாயிறு காவடி கட்டுவேன், ரதம் அலங்கரிப்பேன், மலை செய்வேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. முருகன் கொடுத்த கை, அவ்வளவுதான்.

அந்தக் கை என் மகளின் கல்யாணத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் மகளும் ஒரு பையனும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். இருவருக்கும் பிடித்துப்போனது. எங்களுக்குச் சம்மதம். பையனின் அம்மாவுக்கும் சம்மதம். பாக்கி இருந்தவர் பையனின் அப்பா. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் குடியிருப்பவர், வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றார். பங்குனியில் சொன்னார். ஆனி பிறந்துவிட்டது, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மாவே வெட்கப்பட்டுக்கொண்டு போன் செய்தார்.

"அவரு மனசுல ஒன்னும் இல்ல அண்ணே. குணமே அப்படி. ஒரு சட்டை எடுக்க மூனு தடவ கடைக்குப் போவாரு, கடைசில பழைய சட்டையே போதும்னு வந்துருவாரு. அந்த ரயிலையே பாருங்களேன். தண்டவாளம் போட்டு வருஷக்கணக்காச்சு. சுத்தி என்ன வைக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"என்ன ரயிலு அக்கா?"

போனை வைத்ததும் என் மகள் விளக்கினாள். "அங்கிள் ரூம்ல மாடல் ரயில் வச்சிருக்காரு ப்பா. விளையாட்டுச் சாமான்னு மட்டும் சொல்லிடாதீங்க. கோவம் வந்துரும்."

"அப்ப என்னன்னு சொல்றது?"

"லேஅவுட்."

"யாரு அவுட்டு?"

"அப்பா! ப்ளீஸ் லா!"

அடுத்த சனிக்கிழமை விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கூப்பிடாமலே போனேன். மலை செய்கிறவன் மலை இல்லாத இடத்தைக் கேள்விப்பட்டால் சும்மா இருக்க முடியுமா?

அந்த அறையில் கட்டில் இல்லை, மேசை இல்லை. இடுப்பு உயரத்தில் அறை முழுக்கப் பலகை. பலகைமேல் வளைந்து வளைந்து தண்டவாளம். ஓர் எஞ்சினும் நாலு பெட்டியும். சுற்றிலும் வெறும் பலகை, மொட்டைத் தலை மாதிரி. அவர் ஒரு பொத்தானைத் திருகினார். எஞ்சின் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு கிளம்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். இன்னொரு சுற்று ஓடவிட்டார்.

பிறகு ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிராமம். கூம்பு மரங்கள், புகைபோக்கி வைத்த வீடு, புசுபுசுவென்று கம்பளி வைத்த ஆடுகள்.

"பாருங்க," என்றார். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாப் பேச்சையும் "பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். "இது இங்கிலாந்து கிராமம். நல்லாத்தான் இருக்கு. ஆனா எஞ்சின் நம்ம ஊரு எஞ்சின். சரிப்படுமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சார், இந்த ஆட்ட நம்ம ஊர் வெயில்ல விட்டா பாவம், நிமிஷத்துல சுருண்டுரும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஆட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"நம்ம ஊரையே வைப்போம் சார். செம்பனை, லாலாங் புல்லு, ஒரு சாக்கடை, கிராமத்துல இருக்கிற மாதிரி ஒரு கம்பத்து வீடு. பின்னால ஈப்போ பக்கம் போகும்போது தெரியுமே, அந்தச் சுண்ணாம்பு மலை. நான் செஞ்சு கொண்டாறேன். பிடிக்கலன்னா தூக்கிட்டுப் போயிடுறேன்."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே போகிற நிஜ ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரி. மலை முடியட்டும். ரயில் ஓடட்டும். அன்னிக்குக் குடும்பமா வாங்க. அந்த விஷயத்தையும் பேசி முடிச்சிரலாம்."

அந்த விஷயம்! என் வாயில் அப்போதே ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. சம்பந்தி. நிச்சயம் ஆகாமல் சொல்லக் கூடாத வார்த்தை. எனக்கோ ஒரே பெண். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கிடைக்கப்போகிற ஒரே மனிதர் அவர்தான். வீட்டில் என் மனைவி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "வாயத் தொறந்து முந்திக்காதீங்க. அந்த மனுஷன் மிரண்டுட்டா இன்னும் நாலு வருஷம் யோசிப்பாரு."

அன்றைக்கே வழுக்கிவிட்டது. பையனின் அம்மா பீஹூன் சேமியா கொண்டுவந்து வைத்தார். நான் சந்தோஷத்தில் தட்டை வாங்கிக்கொண்டு, பையனின் அப்பா பக்கம் திரும்பி, "நீங்களும் சாப்பிடுங்க சம்ப..." என்று ஆரம்பித்துவிட்டேன். அறையில் எல்லாம் நின்றது. எஞ்சின்கூட நின்ற மாதிரிதான் எனக்கு இருந்தது.

"...சம்பல்! சம்பல் இருக்கா அக்கா?"

"அய்யோ, இருக்கே!" என்று ஓடினார். காரம் தெறிக்கும் வெங்காயச் சம்பல், ஒரு கிண்ணம் நிறைய. நான் கேட்டதாயிற்றே, முழுவதையும் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "அவருக்கு எவ்வளவு பிடிக்குது பாருங்க," என்றார் புருஷனிடம். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை போனாலும் எனக்கென்று ஒரு கிண்ணம் சம்பல் தனியாக வரும். கிள்ளான் திரும்புகிற வரைக்கும் வயிற்றில் கரி எஞ்சின் ஓடும்.

ஆடி முழுக்க வேலை. ஆடியில் கல்யாணப் பேச்சு பேசக் கூடாது என்பதால் எனக்கு அதுவும் வசதிதான். முதல் நாள் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து, அறுகம்புல் செருகி, பலகை மூலையில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"பாருங்க, இங்க எல்லாமே ஸ்கேல். நிஜத்துல எண்பத்தேழு அடின்னா இங்க ஒரு அடி. இந்தப் பிள்ளையாரு அந்தக் கணக்குக்கு ரெண்டு மாடி உயரம் வர்றாரு."

"சாமிக்கு ஏது சார் ஸ்கேலு?"

"அப்ப ஸ்டேஷன்கிட்ட வேணாம். மூலையிலயே இருக்கட்டும்." அதோடு விட்டுவிட்டார். பிள்ளையாரை எடுக்கச் சொல்லாததே எனக்குப் பெரிய விஷயம்.

மலையைத் தூக்கிக்கொண்டு கொமுட்டரில் வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மடியில் மலை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்காரர், "என்னா பாஸ், சஞ்சீவி மலையா?" என்றார். "ஆமா பாஸ், ஆஞ்சநேயருக்கு இன்னிக்கு லீவு," என்றேன்.

அறையில் வைத்துத் துணியை விலக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

"நல்லா இருக்கு. ஆனா ஏன் உச்சி தட்டையா இருக்கு?"

நான் பார்த்தேன். உச்சி தட்டையாகத்தான் இருந்தது. சாமி உட்கார இடம் விட்டிருந்தேன், என்னை அறியாமலே.

"இது என்ன, படியா?"

படிதான். மலை என்று உட்கார்ந்தால் என் கம்பி தானாகப் படி வெட்டிவிடுகிறது. இரண்டாவது மலை செய்து கொண்டுபோனேன். உச்சியைக் கூராக்கியிருந்தேன், படியும் இல்லை. அவர் ஒரு விரலால் நடுவில் தொட்டார். "இது?" சந்நிதி மாதிரி ஒரு குகை, வாசலில் இரண்டு பக்கமும் விளக்கு மாடம். மூன்றாவது மலையை அவரே பக்கத்தில் நின்றுகொண்டு, "வேணாம், வேணாம், அங்க வெட்டாதீங்க, அது படி ஆயிரும்!" என்று கத்தக் கத்தச் செய்து முடித்தோம். அவர் கத்துவதை நான் அன்றுதான் பார்த்தேன். யோசிக்காமல் கத்தினார். சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு போனார்.

செம்பனைக்கு, இறைச்சி குத்தி வாட்டும் சாத்தே குச்சி. அதில் பச்சை ராஃபியா பிளாஸ்டிக் கயிறு. கயிற்றை ஊசியால் கீறிக் கீறிச் சீப்பால் வாரினால் அச்சு அசல் மட்டை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து வாரினார். தன் மகனுக்குக்கூடத் தலை வாரிவிட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு தோட்டம் முழுக்க வாரினார். ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. என் கையில் எப்போதும் காவடி ஜிகினா ஒட்டியிருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. நான் தொட்ட செம்பனை மினுங்கும், சாக்கடை மினுங்கும், கம்பத்து வீட்டுக் கூரை மினுங்கும்.

"பாருங்க, எந்த ஊர்ச் சாக்கடை இப்படி ஜொலிக்குது?"

"தீபாவளி நேரம்னு வச்சுக்குவோம் சார்."

கடைசியாகத் தரைக்கு மண். கடை மண் வேண்டாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள். நவதானியத்தைச் சட்டியில் விதைத்து, இருட்டறையில் வைத்து, மஞ்சள் மஞ்சளாய் முளைத்ததும் பெண்கள் தலையில் சுமந்து வருவார்கள். அந்த மண்ணில் ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. கோயில் தலைவரிடம் கேட்டு வாங்கினேன். என் மகள் வாழ்க்கை முடிவாகிற இடத்தில் அம்மன் மண் இருக்கட்டுமே.

வீட்டு வாசலில் சல்லடை போட்டுச் சலித்தேன். மாவு மாதிரி இறங்கியது. சல்லடையில் கொஞ்சம் உருண்டை உருண்டையாகத் தங்கியது. குப்பையில் கொட்டக் கை வரவில்லை. அம்மன் சட்டியில் இருந்தது ஆயிற்றே. எல்லாவற்றையும் மறுபடி மண்ணிலேயே கலந்தேன். சின்ன ஊரில் பாறாங்கல் மாதிரி இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மனைவி துடைப்பத்தோடு வந்து பார்த்தாள். "ஏங்க, அது பயறு மாதிரி இல்ல?"

"கல்லு மா. மண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"நான் தெனம் பயறு கழுவறவ. எனக்குத் தெரியாதா?"

"கல்லு மா!"

மண்ணைத் தூவி, வெள்ளைப் பசையைத் தண்ணீர் மாதிரி கரைத்து, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியில் ஊற்றி, மலையடிவாரம் முழுக்கத் தெளித்தோம். காற்றாடி போட்டால் மண் வெடித்துவிடும் என்று அவர் பயந்தார். எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார். "மெதுவா காயட்டும். வர்ற ஞாயிறு குடும்பத்தோட வந்துருங்க. அதுவரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது." ஆவணி பிறந்திருந்தது. நல்ல நாளும் கூட.

அந்த வாரம் ஸ்டோரில் பெட்டிகளை எண்ணிக்கொண்டே முருகனிடம் பேசினேன். மகள் வெளியே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் சனிக்கிழமை அவளே என்னோடு கோயிலுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்ததும், "அங்கிள் இந்தத் தடவையும் யோசிச்சு சொல்றேன்னு சொன்னா என்னப்பா பண்றது?" என்றாள். தலையைத் தடவினேன். அவள் முடியிலும் ஜிகினா.

ஞாயிறு. அறையில் ஆறு பேர். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். புதுச் சட்டை! நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்தார். நான் மற்ற இரண்டு மூலை. தூக்கினோம்.

முருகா!

மலையடிவாரம் முழுக்க முளைத்திருந்தது. மஞ்சளும் வெள்ளையுமாய், தலையைக் குனிந்துகொண்டு, கொத்துக் கொத்தாய். ஸ்டேஷன் நடைமேடையில் மூன்று. கம்பத்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒன்று. தண்டவாளத்துக்கு நடுவே வரிசையாக, ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. இருட்டில் ஒரு வாரம் வளர்ந்த அசல் முளைப்பாரி.

"கல்லு மா," என்றாள் என் மனைவி என் காதில்.

பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரோ அளவுகோலை எடுத்தார். ஒரு முளைக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார். உதடு அசைந்தது. கணக்குப் போட்டார்.

"இருபது அடி," என்றார். "இருபது அடிப் பயறு. இந்த ஊர்க்காரன் கோடாலி வச்சுத்தான் சுண்டல் பண்ணணும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பொத்தானைத் திருகினார். எஞ்சின் முனகிக் கிளம்பியது, செம்பனைத் தோட்டத்தைத் தாண்டியது, வளைவில் திரும்பியது, முதல் பயறில் மோதி மூக்கைத் தூக்கிக்கொண்டு, அப்படியே மெல்லச் சரிந்து, மினுங்குகிற சாக்கடைக்குள் விழுந்தது.

முடிந்தது, என் பிள்ளையின் கல்யாணத்தை நானே மண் போட்டு மூடிவிட்டேன் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து கைதட்டுகிற சத்தம். பையனின் அம்மா. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

"பாலிக போட்ட மாதிரி இருக்கு! என்னங்க, நல்லா பாருங்க! கல்யாணத்துக்கு நவதானியம் தெளிச்சு, முளைக்குமா முளைக்குமான்னு எட்டி எட்டிப் பாப்போம். இங்க யாரும் கேக்காமயே வீட்டுக்குள்ள முளைச்சிருக்கு!"

"ஈரம் இருந்தா எல்லாம்தான் முளைக்கும்," என்றார் அவர்.

"எனக்கும்தான் தெரியும் ஈரம். எதுக்கு இந்த வாரம் முளைக்கணும்? எதுக்கு இந்த ரூம்ல முளைக்கணும்? இன்னும் என்ன யோசன உங்களுக்கு?"

அவர் எஞ்சினைப் பார்த்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. செய்ததைச் சரி செய்தாலாவது போதும் என்று, "மன்னிச்சிக்குங்க சார், இதோ எல்லாத்தையும் பிடுங்கிடுறேன்," என்று தண்டவாளத்துக்கு நடுவில் இருந்த முளையைப் பிடித்தேன்.

"சம்பந்தி! கைய எடுங்க!"

கையை எடுத்தேன்.

"வேரோட மண்ணு வரும், மண்ணோட தண்டவாளம் தூக்கிரும்! ஒரு மாசம் உக்காந்து ஒட்டினது! கத்திரிக்கோல்ல மெதுவா நறுக்க..."

அங்கேதான் அவர் தான் சொன்னதைத் தானே கேட்டார். வாய் திறந்தபடி நின்றது. கீழே நிஜ ரயில் ஒன்று தடதடவென்று போனது.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்று அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். யோசிக்கப்போகிறார் என்று நினைத்தேன். காது மடல் சிவந்தது.

"கத்திரிக்கோல் எங்கன்னு கேட்டேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, அந்த எஞ்சினத் தூக்கி வைங்க," என்றார்.

எஞ்சினையா தூக்கினேன்? அவரைத்தான் தூக்கினேன். இடுப்பைப் பிடித்துத் தரையிலிருந்து அரையடி தூக்கிவிட்டேன். "ஏய், ஏய், மலை, மலை!" என்று கத்தினார். என் மகள் சிரித்தாளா அழுதாளா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அந்த அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் மனைவி கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்தாள். அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். இறக்கிவிட்டபோது அவர் வழுக்கைத் தலை முழுக்க ஜிகினா. யாரும் சொல்லவில்லை. அன்றைக்கெல்லாம் அப்படியே மினுங்கிக்கொண்டு பந்தல், மண்டபம், சாப்பாடு என்று பேசினார்.

தண்டவாளத்தில் இருந்ததை மட்டும் கத்திரிக்கோலால் நறுக்கினோம். மற்றதை அந்த அம்மா தொடவிடவில்லை. கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும் என்று தினமும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுகிறாராம். பயறு பச்சையாகி, ஸ்டேஷன் கூரையைத் தாண்டி, மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. உச்சி வரைக்கும் போய்விட்டால் அங்கே சின்னதாய் ஒரு வேல் வைத்துக்கொள்ளலாமா என்று சம்பந்தியிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

அன்று கிளம்பும் முன் எல்லோருக்கும் பாயசம் வந்தது. எனக்கு மட்டும் பாயசத்தோடு ஒரு கிண்ணம் சம்பலும் வந்தது.

"சாப்பிடுங்க சம்பந்தி," என்றார் அவர். "உங்களுக்குன்னு ஸ்பெஷலா, காரம் தூக்கலா."

சம்பல் கதையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த வார்த்தையை அவர் தானாக, முழுசாக, சிரித்துக்கொண்டே சொன்ன முதல் தடவை அது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

"குடுங்க சம்பந்தி," என்றேன், சத்தமாக.